ஆய்வகத்துக் கைபேசி

என் மகள் வயிற்றுப் பேத்தி சென்னையில் உயிரித் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிக் குழுவோடு சேர்ந்து ஐஜெம் போட்டிக்குத் தயாராகிறாள். பாக்டீரியா போன்ற நுண்ணுயிருக்குள் புதிய மரபணுவைச் செலுத்தி, அதைப் பயனுள்ள ஒரு வேலை செய்ய வைப்பதுதான் இந்தப் போட்டி. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 2003-இல் சிறு வகுப்பாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே ஐந்து குழுக்களின் போட்டியானது. இன்று பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான குழுக்கள் வருகின்றன.

இதைக் கேட்டதும் உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கிருமி தப்பிச்சு ஊருக்குள்ள வந்துடாதா?" இந்தப் பயம் விஞ்ஞானிகளுக்கே இருந்தது. 1975-இல் கலிபோர்னியாவில் அசிலோமர் என்ற இடத்தில் கூடி, எந்தச் சோதனைக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்று பேசினார்கள். நம் நாட்டிலும் 1989-இல் விதிகள் வந்தன. மரபணு வேலை செய்யும் நிறுவனத்தில் உயிரிப் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். ஐஜெம்மும் ஆபத்தான கிருமிகளை மாணவர்கள் தொட அனுமதிப்பதில்லை. மாற்றிய உயிரை ஆய்வகத்தை விட்டு வெளியே விடக் கூடாது என்பதும் அதன் விதி.

பேத்தியும் அதையேதான் சொன்னாள்: "தாத்தா, நாங்க வெச்சிருக்கறது ஈ.கோலை கே-12. அது யாரையும் ஒண்ணும் பண்ணாது."

உண்மைதான். பல்லாண்டுகள் ஆய்வகத்திலேயே வளர்ந்து, மனிதக் குடலில் நிலைத்து வாழும் திறனை இழந்த வகை அது. ஆனால் நாற்பது ஆண்டுகள் கல்லூரி ஆய்வகங்களில் பழகிய எனக்கு, கிருமியைவிடப் பழக்கத்தைப் பற்றித்தான் கவலை.

2010, 2011-இல் அமெரிக்காவில் சால்மொனெல்லா கிருமியால் 38 மாநிலங்களில் 109 பேருக்கு நோய் வந்தது. ஒருவர் இறந்தார். விசாரித்தபோது, நோய் வந்தவர்களில் பலர் நுண்ணுயிரியல் ஆய்வகங்களோடு தொடர்புடையவர்கள் என்று தெரிந்தது. பாடம் நடத்த விலைக்கு வாங்கும் சாதாரண வகைக் கிருமிதான் அது. ஆய்வகப் பக்கமே போகாத சிறு குழந்தைகளுக்கும் நோய் வந்திருந்தது. அவர்கள் வீட்டில் ஒருவர் ஆய்வகத்தில் படித்தார் அல்லது வேலை பார்த்தார். பேனா, நோட்டு, சாவி, கைபேசி, கை, இவற்றில் ஒட்டிக்கொண்டு கிருமி வீட்டுக்கு வர முடியும்.

'வீரியம் இல்லாதது' என்ற சொல்லையும் முழுதாக நம்ப முடியாது. 2009-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், வலு குறைக்கப்பட்ட பிளேக் கிருமியால் இறந்தார். இரும்புச் சத்தைப் பெறும் திறன் இல்லாததால் வலுவிழந்த கிருமி அது. அவர் உடலிலோ, அவருக்கே தெரியாமல், இரும்பு மிகுதியாகச் சேரும் கோளாறு இருந்தது. அதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எல்லோருக்கும் சாதுவான கிருமி ஒருவருக்கு எமனாகலாம்.

பேத்தியிடம் கேட்டேன்: "ஆய்வகத்துல நேரம் எதுல பாக்கற?" கைபேசியில்தானாம். செய்முறைக் குறிப்பும் அதில்தான். கையுறையோடு தொடுவார்கள். அதே கைபேசியில்தான் சாயங்காலம் அவள் அக்காவின் இரண்டு வயதுக் குழந்தை பாட்டுப் பார்க்கிறது. சில சமயம் வாயிலும் வைக்கிறது.

சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. மறுவாரமே குழுவினர் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு இரண்டு டைமர் வாங்கினார்கள். குறிப்பை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார்கள். கைபேசியும் சாப்பாட்டுப் பையும் வெளி அலமாரியில். பேனாவும் வெள்ளைக் கோட்டும் உள்ளேயே இருக்கும். கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பயன்படுத்திய தட்டுகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைத்த பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் மருந்தை எதிர்க்கும் மரபணுக்களும் சேர்ந்து வெளியேறும்.

இன்னொன்றும் சொன்னேன். போட்டிக் கெடு நெருங்கும்போது பிள்ளைகள் இரவு முழுக்கத் தனியாக வேலை செய்கிறார்கள். மைக்ரோவேவில் காய்ச்சிய அகரோஸ் குடுவை அமைதியாகத் தெரியும். எடுத்து அசைத்ததும் பொங்கிக் கையில் கொட்டும். அப்போது குழாயைத் திறந்துவிடப் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படிக்கிற பிள்ளை இருந்தால், எந்த மரபணு என்று கேட்க வேண்டாம், நமக்குப் புரியாது. கைபேசியை எங்கே வைக்கிறாய், இரவில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அது நமக்குப் புரியும்.