மின்சாரமா, பெற்றோலா?

ஒரு குடும்பம் மோட்டார் வண்டி வாங்குவது வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று. அவ்வீட்டார் எதற்கு அஞ்சுகின்றனர், எதனை நம்புகின்றனர் என்பதையும் அது புலப்படுத்திவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ருவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிச்சுமையாற் புதிய வண்டி எட்டாக்கனியாகவே இருந்தது. எனினும், பழைய வண்டியொன்றையாவது வாங்கலாம் என்ற எண்ணம் மன்னார்த் தீவின் பேசாலையில் ஓர் ஆசிரியர் வீட்டிலும் துளிர்த்தது. மின்சார வண்டியா, பெற்றோல் வண்டியா என்ற வினாவும் உடன் பிறந்தது.

வினாவைச் சிக்கலாக்கியவர்கள் பிள்ளைகள். மகளுக்கு இருபது வயது, மகனுக்குப் பதினெட்டு. இருவரும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையிற் சித்தியெய்திப் பயிலுநராய் இருந்தனர். வாங்கப்படும் வண்டியிலேயே அவர்களது கையும் காலும் பழக வேண்டும்.

தந்தையின் மனம் பெற்றோலின் பக்கமே சாய்ந்தது. பயிலுநர் கிளச்சைத் தவறாக விட்டால் எஞ்சின் நின்றுவிடும். தவறும் அவ்விடத்தே முடிந்துவிடும். மின்சார வண்டியிலோ கிளச்சும் இல்லை, நின்றுபோக எஞ்சினும் இல்லை. மிதித்த கணத்திலேயே இழுவிசை முழுவதும் சில்லுகளைச் சேர்கின்றது. பிரேக் என்று எண்ணி மற்றதை மிதிக்கும் கால் பெருந்தீங்கு விளைக்கும். மன்னார் வீதிகளிற் கட்டாக்காலிக் கழுதைகள் வேறு. ஓசையின்றி வரும் வண்டிக்கு அவை விலகுமா என்றும் அவர் ஐயுற்றார். தானியங்கிக் கியர் வண்டியிற் பரீட்சை கொடுப்பவருக்குக் கிடைக்கும் அனுமதி அவ்வகை வண்டிக்கு மாத்திரமே உரியது என்பதும் அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

மகள் 2022ஆம் ஆண்டை நினைவூட்டினாள். அவ்வாண்டு யூன் 27 முதல் யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் இல்லையென அரசு அறிவித்தது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. பின்னர் வந்த பங்கீட்டில் காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் கிடைத்தன. தந்தை வரிசையில் இரவைக் கழித்ததையும், இறுதியில் துவிச்சக்கரவண்டியிற் பாடசாலை சென்றதையும் பிள்ளைகள் கண்டிருந்தனர்.

"அதே வருசம் மார்ச் 31இல் பதின்மூன்று மணித்தியாலம் கறண்டும் இல்லைத்தானே, பிள்ளை? போன பெப்ருவரி 9ஆந் திகதியும் நாடே இருண்டு கிடந்தது. பெற்றோலைக் கானில வைக்கலாம். கறண்டை எதில வைக்கிறது?" என்றார் தந்தை.

"அந்த வருசம் எங்கட கானும் வெறுங்கானாத்தானே அப்பா கிடந்தது?" என்றாள் மகள்.

இவ்விடத்திற்றான் தாய் குறுக்கிட்டார். அவரது அச்சம் வேறு. நோயுற்ற தம் தந்தையை நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு நள்ளிரவில் கொண்டுசெல்ல நேர்ந்தால் என்ன செய்வது? அவர்கள் பார்த்துவைத்த நிசான் லீஃப் வண்டியில் மின்கலத்தின் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகளுள் ஒன்பதே எஞ்சியிருந்தன. காற்றால் மாத்திரம் குளிரும் அம்மின்கலம் வெப்பநாட்டில் விரைந்து தளர்வது இயல்பு. ஒருமுறை மின்னேற்றினால் அது சுமார் 80 கிலோமீற்றரே ஓடும்.

தந்தை கணித ஆசிரியர். அப்பியாசக் கொப்பியொன்றில் ஒரு மாதப் பயணங்களை எழுதுமாறு மகனைப் பணித்தார். மன்னார் நகருக்குச் சென்று மீளுதல், தலைமன்னார் உறவினர் வீடு, சந்தை, கோவில் என அனைத்தும் பதிவாயின. ஒரு நாளேனும் 60 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. பாட்டனாரை யாழ்ப்பாணம் கொண்டுசென்ற மூன்று முறையும் அயலவரின் வாடகை வானிலேயே சென்றனர் என்பதும் அப்போதுதான் தாய்க்கு நினைவுக்கு வந்தது. ஆண்டில் ஓரிரவின் அச்சத்துக்காக ஏனைய நாட்களின் தேவையை மறந்திருந்தமை எல்லோருக்கும் விளங்கிற்று.

கணக்கு முடிந்தபோதும் விவாதம் முடியவில்லை. கடற்றொழில் செய்யும் தாய்மாமன் கொப்பியைப் பார்த்துச் சிரித்தார். தீவின் தென்கரையில் 2020இல் தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்கள் 103.5 மெகாவாற்று வலுவுடன் எழுந்தன. மேலும் கோபுரங்கள் வேண்டாமென 2025 ஓகஸ்ற்றில் மக்கள் வீதியிலிறங்கிப் போராடியபோது அவரும் அங்கு நின்றவர். மழைநீர் வழிந்தோடும் பாதை, கரைவலைத் தொழில், வலசைப் பறவைகள் ஆகியனவே அவர்களது கவலைகள்.

"அத்தான், பெற்றோல் எண்டா எங்கேயோ ஒரு நாட்டான்ர மண்ணில தோண்டுறான். கறண்டு எண்டா எங்கட கரையிலதான் நடுறான். அதையும் கொப்பியில எழுதுங்கோ."

தந்தை நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. காற்றாலை மின்சாரம் தேசிய மின்வலைப்பின்னலிற் கலந்துவிடுகிறது. பேசாலையிற் சுவரிலிருந்து வரும் மின்சாரம் காற்றினதா, நிலக்கரியினதா எனப் பிரித்தறிய வழியில்லை. ஆயினும் அவர் மைத்துனரின் சொல்லை மறுக்கவில்லை. புகை வராத வண்டிக்கும் எங்கோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதையும் பிள்ளைகள் அறிந்தே ஓட்ட வேண்டும் என்றார்.

ஈற்றில் இரு முடிவுகள் எடுக்கப்பட்டன. பிள்ளைகள் சாரதிப் பயிற்சிப் பாடசாலையின் பெற்றோல் வண்டியிற் கிளச்சும் கியரும் பழகி, அதிலேயே பரீட்சைக்குத் தோற்ற வேண்டும். வீட்டுக்கு அந்தப் பழைய மின்சார வண்டியே வரும். நெடுந்தூரத்துக்கு வழக்கம்போல் வாடகை வானே துணை.

வண்டி வந்த முதல் மாலையில், முன்னும் பின்னும் எல் பலகை கட்டி, மகள் அதனை வீதிக்கு எடுத்தாள். தந்தை அருகில் அமர்ந்திருந்தார். வளைவில் ஒரு கழுதை அசையாது நின்றது. மகள் மெல்ல நிறுத்திக் காத்திருந்தாள். ஒலிப்பானை அழுத்துமாறு தந்தை கூறவில்லை. கழுதை தன் விருப்பப்படி விலகிய பின்னரே வண்டி நகர்ந்தது. அன்றிரவு கொப்பியில் மகன் எழுதினான்: "4 கிலோமீற்றர்."