அம்மாயியின் பப்பாளிக்காய்

ஆடி நோம்பிக்கு எங்கள் அம்மாயி வீட்டில் வெட்டுகிற கிடா எப்போதும் முத்தல்தான், அப்புச்சிக்கோ கடைவாயில் பல் கிடையாது. அதனால் அம்மாயி விடிந்தும் விடியாததுமாக என்னை உலுக்கி எழுப்பி, "சாமி, வாய்க்கா மேட்டு மரத்துல நல்ல பச்சைக்காயா ஒண்ணு பறிச்சுட்டு வா, வெயில் ஏறுனாப் பால் வத்திக்கும்" என்பார். காம்பைத் திருகியதும் விரலில் வழியும் வெள்ளைப் பால், அதன் கசந்த பச்சை வாசம், வாய்க்கால் சலசலப்பு, சாளையில் மிளகாய் அரைபடும் அம்மிச் சத்தம் எல்லாம் எனக்கு ஒரே நினைவாகத்தான் வரும். பழுத்த காய் ஆகாது. பழுக்கப் பழுக்கப் பால் குறைந்துவிடும்.

தோலோடு அரைத்துக் கறியில் பிசறி மூடிவைத்துவிட்டு, வாசல் தெளித்து, ஒரம்பரைக்குக் காப்பி கொடுத்து வருவார். அதற்குமேல் ஊறவிட்டால் கறி கொழகொழத்துவிடும் என்று பயம். அடுப்பிலும் முதலில் சிறுதீதான். "மெல்ல ஏறட்டும், கொதிச்சா அது செத்துப்போகும்" என்பார். எது சாகும் என்று சட்டிக்குள் எட்டி எட்டிப் பார்ப்பேன்.

"பப்பாளி கறியைத் தின்னுமா அம்மாயி?"

"அது தின்னா என்ன, நீ தின்னு கண்ணு."

அந்த 'அது' பப்பேய்ன் என்கிற நொதி. 1879இல் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலார் வைத்த பெயர். 212 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி மடிந்து சுருண்டு நடுவில் ஒரு பள்ளத்தோடு நிற்கிறது. கறியின் புரத இழை அதில் வந்து பொருந்தினால், தண்ணீரைத் துணைக்குச் சேர்த்து வெட்டிவிட்டு, தேயாத அருவாமணை மாதிரி அடுத்த இழைக்குத் தயாராகிவிடும். ஒரு துண்டுக் காய் ஒரு சட்டிக் கறிக்குக் காணும் என்பது அதனால்தான். சூடு ஏற ஏற வேகம் கூடி, 60, 65 டிகிரி வாக்கில் வெகு மும்முரமாக இருக்கும். கொதி வந்ததும் மடிப்பு குலைந்து, பள்ளம் கலைந்து, வேலை நின்றுபோகும். அம்மாயி சொன்ன சாவு இதுதான். கல்லூரியில் இதையே வளைகோடாக வரையச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்தில் பாலுக்கென்றே கோ-2 பப்பாளி வைத்திருந்தார்கள். காலையிலேயே காயில் மேலோட்டமாகக் கோடு கீறி, வடிவதை அலுமினியத் தட்டில் பிடிப்பார்கள். இரும்பு பட்டால் கெட்டுவிடும் என்பார்கள். பால் எடுப்பவர்களின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். நொதிக்குக் கறி என்ன, கை என்ன! எடுத்த பாலை 50, 55 டிகிரியில் பக்குவமாக உலர்த்தினால்தான் வீரியம் நிற்கும்.

தழும்பு விழுந்த காயைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? அது டூட்டி ஃப்ரூட்டி செய்யப் போகும். பேக்கரி பன்னிலிருந்து சிவப்பும் பச்சையுமாக அதை நோண்டித் தின்றுகொண்டே, சீமைப் பழம் என்று தம்பியிடம் பெருமையடித்திருக்கிறேன்.