எண்ணிக்கையில் ஒருவர்

கனடா என்றதும் நமக்கு டொரோண்டோதான் நினைவுக்கு வரும். ஸ்கார்பரோவின் தமிழ்க் கடைகள், கோயில்கள், இலக்கியக் கூட்டங்கள். என் அக்கா கனடாவில் இருக்கிறாள் என்று சொன்னால் சுங்கைப் பட்டாணியில் எல்லாரும் "டொரோண்டோவா?" என்றுதான் கேட்பார்கள். இல்லை, அங்கிருந்து மேற்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல், சஸ்காச்சுவான் என்று விளக்குவேன். மாநிலத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர்களின் ஆர்வம் போய்விடும்.

அந்த மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஐந்நூறு பேருக்குச் சற்று அதிகமாக வாழும் ஓர் ஊர். பெயரை எழுதவில்லை. அவ்வளவு சிறிய இடத்தில் ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. அக்கா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2017 ஜூலையில் மூன்று வாரம், விருந்தாளியாக. 2018 செப்டம்பரில் அவளுக்குப் பிரசவம் நெருங்கியபோது போய் ஆறு மாதம். முதல் முறை பார்த்த ஊரும் இரண்டாம் முறை வாழ்ந்த ஊரும் எனக்கு ஒன்றல்ல.

விருந்தாளிக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான். நாங்கள் கெடாவில் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. எங்கு திரும்பினாலும் நிரை நிரையாக மரம். நிமிர்ந்தால் மட்டைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வானம். பிரெய்ரியில் மறைப்பதற்கு ஒன்றும் கிடையாது. தூரத்தில் மழை பெய்வதை, தலைமேல் வெயில் அடிக்கும்போதே பார்த்துக்கொண்டு நிற்கலாம். நான் அனுப்பிய படங்களில் எல்லாம் நடுவில் ஒரு கோடு. மேலே நீலம், கீழே மஞ்சள் அல்லது பச்சை.

"என்னாடி இது, எல்லாம் ஒரே படமா இருக்கு? அங்க என்னாதான் இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"வானம் இருக்கும்மா" என்று சொல்லி அக்கா சிரித்தாள்.

ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுவிட்டு, மலேசியா என்றதும், "அங்கிருந்து இங்கே ஒன்றுமில்லாத இடத்துக்கா?" என்பார்கள். ஆனால் இந்த 'ஒன்றுமில்லை' இயற்கையாக அமைந்தது அல்ல. அது செய்து முடிக்கப்பட்ட ஒரு வேலை.

குளிர்காலத்தில் குழந்தை தூங்கும் நேரமெல்லாம் வாசித்தேன். வாலஸ் ஸ்டெக்னர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் பிள்ளைப் பருவத்தில் சில ஆண்டுகளை அந்த வட்டாரத்து ஈஸ்டெண்ட் என்ற ஊரில் கழித்தவர். அதைப் பற்றி அவர் எழுதிய 'வுல்ஃப் வில்லோ' 1962இல் வந்தது. அவர் குடும்பம் வாழ்ந்த வீட்டில் இப்போது எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். ஜேம்ஸ் டாஷுக் என்ற வரலாற்றாசிரியர் 2013இல் எழுதிய நூல் இன்னும் கடுமையானது. அந்தச் சமவெளியில் காட்டெருமைக் கூட்டங்களை நம்பி வாழ்ந்த மக்களோடு அரசு 1874இல் நான்காம் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. சில ஆண்டுகளிலேயே காட்டெருமைகள் அழிந்துபோயின. பசியோடு சைப்ரஸ் குன்றுகளில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானவர்களை அங்கிருந்து கிளப்புவதற்கு, அரசு உணவுப் பங்கீட்டை ஆயுதமாக்கியது. சொன்ன இடத்துக்குப் போனால்தான் சோறு. 1883இல் அங்கிருந்த வால்ஷ் கோட்டையையும் மூடிவிட்டார்கள். நிலம் அப்படித்தான் 'காலி'யானது.

காலியான நிலத்தைக் கட்டம் கட்டமாக அளந்தார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு சதுரம்; அதில் கால் பங்கு, அதாவது 160 ஏக்கர், பத்து டாலர் கட்டணத்துக்கு. 1872ஆம் ஆண்டுச் சட்டம் அது. வீடு கட்டி, உழுது, மூன்று ஆண்டு குடியிருந்தால் நிலம் சொந்தம். இன்றைக்கும் மண்சாலைகள் அந்தக் கோடுகளின்மேல்தான் ஓடுகின்றன. பண்ணைகளுக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். தோட்டத்தில் நாங்களும் எண் போட்ட நிலத்தில்தான் வளர்ந்தோம். அப்பா எந்த இடத்தில் வேலை செய்கிறார் என்பதற்கு எங்களிடம் இருந்த பதில் ஓர் எண்.

பிறகு ரயில் வந்தது. குதிரை வண்டியில் கோதுமையை ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒரு நிலையம், நிலையத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒன்றிரண்டு எலிவேட்டர்கள். எலிவேட்டர் என்றால் தானியத்தைக் கொட்டி வைத்து ரயிலில் ஏற்றுவதற்கான உயரமான மரக் கட்டடம். 1930களில் மூன்று பிரெய்ரி மாநிலங்களிலும் சேர்த்து 5,700க்கும் மேல் இருந்தன. லாரி வந்ததும் ஊர்களுக்கு இடையில் அவ்வளவு குறைந்த தூரம் தேவைப்படவில்லை. 1995இல் தானிய ரயில் கட்டணத்துக்கான மானியமும் நின்றது. கிளைப் பாதைகளைப் பிடுங்கினார்கள். எலிவேட்டர்களை ஒவ்வொன்றாகச் சாய்த்துவிட்டு, தொலைதூரத்துக்கு ஒன்றாகப் பெரிய கான்கிரீட் முனையங்களைக் கட்டினார்கள். அதற்கு முன்பே, 1993இல், மாநிலத்தின் 52 சிற்றூர் மருத்துவமனைகள் மூடப்பட்டன அல்லது வேறு வகை நிலையங்களாக மாற்றப்பட்டன.

எலிவேட்டர் போன பிறகு வங்கி போகும். வங்கிக்குப் பிறகு பள்ளிக்கூடம். அக்கா வேலை செய்யும் இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டி, தான் பிறந்த ஊரில் இப்போது இடுகாடு மட்டும்தான் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்கு எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. கோயிலை இடம் மாற்றினார்கள், தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள், லயம் தரைமட்டமானது. இன்று அங்கே தாமான் இருக்கிறது. அதன் பெயரில் பழைய தோட்டத்தின் சுவடே இல்லை.

ஆனால் இந்த ஒப்பீட்டை அதிக தூரம் இழுக்க முடியாது. பிரெய்ரியை விட்டுப் போகிறவர் நிலத்தை அண்டை வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டுப் போகிறார். தோட்டத்தை விட்டுப் போன எங்கள் கையில் மூன்று தலைமுறை உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவர்கள் விற்கும் நிலத்துக்கு அடியிலோ, பசியால் விரட்டப்பட்டவர்களின் கதை கிடக்கிறது.

பனி இறங்கியதும் ஊர் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. மைனஸ் முப்பதில் காரின் எஞ்சின் உறையாமல் இருக்க, ராத்திரி அதை மின்கம்பியில் சொருகி வைக்க வேண்டும். எதிரே வருகிற வண்டி யாருடையது என்று தெரியாவிட்டாலும் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்; நீங்களும் உயர்த்த வேண்டும். இலையுதிர் காலத்தில் ஊர்க் கூடத்தில் விருந்து. குளிர்காலம் முழுக்கக் கர்லிங் விளையாட்டு. குழந்தை பிறந்த வாரத்தில் வாசலில் நான்கு சட்டி சூப்பும் ஒரு பின்னல் போர்வையும் வந்திருந்தன. யார் வைத்தது என்று சீட்டு இல்லை. அதே ஊரில், நான் தபால் நிலையத்தில் என்ன அனுப்பினேன் என்பது நான் வீடு திரும்புவதற்குள் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். தோட்டமும் இப்படித்தான். சோறு கொடுக்கும் வீடுதான் புறம் பேசும் வீடும்.

இல்லத்தில் ஒரு முன்னாள் விவசாயி இருந்தார். எண்பது வயதுக்கு மேல். பல ஆண்டுகள் மைசூர்ப் பருப்பு பயிரிட்டவர். சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'லேர்ட்' என்ற ரகம் 1978இல் வெளிவந்த பிறகுதான் அங்கே பருப்பு விவசாயம் பரவியது. இன்று உலகில் அதிகமாகப் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அவருக்கு இந்தியா என்றால் வரி. 2017 டிசம்பரில் பருப்புக்கு 30 விழுக்காடு இறக்குமதி வரி போட்டதையும், அதனால் விலை விழுந்ததையும் அவர் மகனைவிட அவரே விவரமாகச் சொன்னார். ஆனால் தான் விளைவித்ததை அவர் ஒரு நாளும் தின்றதில்லை.

அக்கா ஒருநாள் சீரகமும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொண்டுபோனாள். ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதுக்காகத்தான் இத்தனையும் வாங்கினீங்களா?" என்று கேட்டார். பாராட்டா, கேலியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மறுவாரம் மறுபடியும் கேட்டார்.

நான் கிளம்புவதற்கு முந்தின மாதம் கால்கரியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. பெரிய மருத்துவமனை. தமிழ்க் குடும்பங்கள் உள்ள நகரம். அம்மா போனிலேயே சாமிக்கு நேர்ந்துகொண்டார். "அந்தக் காட்டுல புள்ள யாருகூட தமிழ் பேசும்? மொதல்ல பெட்டியக் கட்டு."

அக்கா போகவில்லை. காரணம் கேட்டபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போய்ட்டா நைட் ஷிஃப்டுக்கு ஆள் இல்லடி. இன்னொருத்தி பிலிப்பைன்ஸ்காரி, அவளும் எத்தன நாள்தான் தனியா பாப்பா? ஆள் இல்லன்னா கட்டில குறைப்பாங்க. அப்பறம் இந்தக் கெழடுங்கள நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் போடுவாங்க."

"அது உன் பொறுப்பா?"

"இல்லதான்." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "இங்க நான் போனா தெரியும். நாம தோட்டத்த விட்டுப் போனது யாருக்குத் தெரிஞ்சிச்சு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் அவள் சொன்னதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. தேவைப்படுவதும் சொந்தமாவதும் ஒன்றல்ல. தோட்டத்திலும் நாம் தேவைப்பட்டோம், பால் வடியும்வரை. அந்த ஊர் அவளை வைத்துக்கொண்டிருப்பது அன்பாலா, ஆள் பஞ்சத்தாலா என்று கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல அவளாலும் முடியாது.

ஆனால் எண்ணிப் பார்க்கும்போது ஒன்று மட்டும் தெரிகிறது. இலட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவர் குறைவது கணக்கிலேயே வராது. ஐந்நூறு பேர் ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் மக்கள்தொகை மாறுகிறது. அக்காவின் மகனுக்கு இப்போது பள்ளி வயது. அவன் வகுப்பில் சேர்ந்ததால் அந்த வகுப்பின் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கிறது. அவனோடு தமிழ் பேச அம்மாவும் அப்பாவும் போனில் நாங்களும்தான். என்னை 'சித்தி' என்று ஆங்கிலம் ஒட்டிய நாக்கால் கூப்பிடுகிறான். போன வாரம் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "காத்து பெருசா வருது" என்றான்.