பாணும் வயிறும்

பாண் என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றனர். அதனைச் சுடும் போறணையின் பெயரும் அவர்கள் தந்ததே. அவர்கள் இந்நாட்டை விட்டுப் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும், ஹற்றனிலோ நுவரெலியாவிலோ விடியற்காலையில் பனிமூட்டத்தினூடே ஒரு விளக்கு தெரியுமாயின், அது பெரும்பாலும் பாண் கடையின் விளக்காகவே இருக்கும். வயலிலே கோதுமை விளையாத நாட்டில், கப்பலில் வந்த தானியம் காலை உணவாக இத்துணை ஊன்றிவிட்டமை வியப்புக்குரியதே.

இந்தப் பாண் எனக்கு ஒவ்வாமற் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. முதற் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆசிரியனுக்கு இரண்டு துண்டுப் பாணும் சிறிது சம்பலும் பேருதவி. ஆனால் மூன்றாம் பாடவேளையில் வயிறு மத்தளமாகிவிடும். கரும்பலகையின் முன் நின்று வேற்றுமைப் புணர்ச்சியை நான் விளக்கும்போது, வயிறு தன் பங்கிற்கு ஓர் உரை சொல்லத் தொடங்கும். மாணவர் சிரிப்பை அடக்கிக் கொள்வர். மலைநாட்டுப் பிள்ளைகள் மரியாதை அறிந்தவர்கள். ஆசிரியர் அறையிலோ யோசனைகளுக்குக் குறைவில்லை. தவிட்டுப் பாண் உண்ணுங்கள் என்றார் ஒருவர். குரக்கன் பாணே நன்று என்றார் மற்றொருவர். வாட்டித் தின்றால் எல்லாம் சரியாகும் என்றார் மூன்றாமவர்.

வைத்தியர் கூறியது வேறு. "கோதுமையை இப்போதே நிறுத்திவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை முடியும்வரை வழக்கம்போல உண்ணுங்கள். நிறுத்திவிட்டு வந்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமற் போகலாம்" என்றார். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் அனைவரும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அவர் ஐயுற்றது சீலியாக் என்னும் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தை உண்டதும், உடல் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கி அழிக்கத் தொடங்கும். ஒல்லாந்தில் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர் இதனைத் தெளிவாக்கியவர். கோதுமையின்மேல் முன்னரே ஐயம் கொண்டிருந்த அவர், 1944-45 மாரியில், போரினால் பாண் கிடையாத பஞ்சத்தில், இந்நோயுற்ற பிள்ளைகள் தேறியதைக் கண்டார். 1950ஆம் ஆண்டில் அதனை ஆய்வு நூலாகவும் எழுதினார். ஊரெல்லாம் பட்டினியால் மெலிந்த காலத்திலே சில பிள்ளைகள் மட்டும் தேறினர் என்பது எத்துணை விசித்திரம்!

எனக்கு இருந்தது அந்நோயன்று. கூச்சமுள்ள குடல், அவ்வளவே. இத்தகைய வயிற்றுக்குப் பெரும்பாலும் பகையாவது புரதமன்று, கோதுமையில் உள்ள பிரக்டன் என்னும் மாச்சத்து வகை. அதைச் சமிக்கச் செய்யும் நொதியம் மனிதக் குடலில் இல்லை. அது பெருங்குடல்வரை சென்று, அங்குள்ள கிருமிகளுக்கு விருந்தாகி, வாயுவாக மாறுகிறது. தவிட்டுப் பாணில் அது வெள்ளைப் பாணிலும் மிகுதி. ஆகவே முதல் நண்பரின் யோசனை என்னைப் பொறுத்தவரை நெருப்பில் நெய் வார்த்ததாயிற்று. குரக்கன் பாணிலும் பெரும் பகுதி கோதுமை மாவே. குரக்கன் மட்டும் அவ்வாறு எழும்பி நிற்காது. வாட்டுவதால் பிரக்டனும் போகாது, குளூட்டனும் போகாது. மென்று தின்ன வைக்கிறது என்பதே வாட்டுவதன் புண்ணியம்.

பின் எதுதான் போக்கும்? காலம் போக்கும். மதுவம் மாவை நொதிக்கச் செய்யும்போது அந்தப் பிரக்டனையும் தின்று குறைக்கிறது. ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு மணி நேரம் வைத்த மாவில் இவ்வகைச் சத்துகள் மிகுந்திருந்தன. நாலரை மணி நேரம் வைத்த மாவிலோ பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சிற்று. இங்கிலாந்தில் 1961இல் சோர்லிவூட் முறை வந்தது முதல், மாவை இயந்திரத்தால் வேகமாகப் பிசைந்து, காத்திருக்கும் நேரத்தைச் சுருக்கிவிடுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. வியாபாரிக்கு நேரம் பணம். அவர் சேமித்த நேரத்தை என் வயிறு செலவழிக்கிறது.

இதை அறிந்தபின் நான் பாண் தேடும் முறை மாறிற்று. எங்கள் பக்கத்தில் இன்னும் விறகுப் போறணை வைத்திருக்கும் ஒருவரை அணுகி, மாவை எப்போது பிசைகிறீர்கள் என்று கேட்டேன். விலையைக் கேட்பார் உண்டு, நிறையைக் கேட்பார் உண்டு. இக்கேள்வியை அவர் கேட்டதில்லை போலும். சிறிது திகைத்துப் பின் சிரித்தார்.

"சேர், இந்தக் குளிர்ல மா லேசில எழும்பாது. ராத்திரி எட்டு மணிக்கே பிசைஞ்சு வச்சாத்தான் விடியக்காலம் போறணைக்குச் சரிவரும்."

நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹற்றன் அதற்குத் தாழ்ந்ததே. எனினும் இரவுக் குளிர் இங்கும் மதுவத்தைச் சோம்பச் செய்கிறது. ஆராய்ச்சிக் கூடத்தார் கண்டதை, இந்த மனிதர் குளிருக்குப் பயந்து நாள்தோறும் செய்து வருகிறார்! அவருடைய றோஸ் பாணில் இரண்டு துண்டு உண்டால் என் மூன்றாம் பாடவேளை அமைதியாகக் கழிகிறது. நான்கு உண்டால் கழிவதில்லை.

உறையிலிட்டு வரும் சான்ட்விச் பாணை அறவே விலக்க வேண்டுமென்பதில்லை. அதன் முதுகைப் படித்துவிட்டு வாங்குதல் நன்று. மிகுதியாக உள்ள பொருள் முதலில் வரும். சோயா மா, தேன், சேர்க்கப்பட்ட நார்ச்சத்து ஆகியன எனக்கு ஆகா. பல நாள் பூஞ்சணம் பிடியாதிருக்கக் கல்சியம் புரொப்பியனேற்றுச் சேர்ப்பர். 2024 பெப்ரவரியில் அரசு ஒரு றாத்தல் பாணுக்கு 450 கிராம் என்று நிறையை விதித்தது. நேரத்தை நிறுக்கும் தராசுதான் கடையில் இல்லை.

இவ்வளவும் சம்பளக்காரனின் வயிற்றுக் கதை. என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வருபவள்; கெட்டிக்காரி. ஆனால் வாரத்தில் இரு நாள் வரமாட்டாள்; வந்தாலும் மேசையில் தலை சாய்ந்துவிடும். சோம்பேறி என்று சொன்னோரும் உண்டு. காலையில் ரொட்டி, பகலுக்குப் பொதி கட்டிய ரொட்டி, இரவில் மட்டும் சோறு. வைத்தியர் எனக்குச் சொன்னதை அவள் தாயிடம் சொன்னேன். அரசினர் மருத்துவமனையில் இரத்தச் சோகை என்றார்கள். பின்னர் கண்டிக்கு அனுப்பினார்கள். முடிவில் அது அந்தச் சீலியாக் நோயே என்று தெரிந்தது.

எட்டு மணி நேரம் புளித்த பாணும் அவளுக்கு ஆகாது. ஒரு துணுக்கும் ஆகாது. மாவை நீக்கி அரிசி உண்க என்று வைத்தியர் ஒரு வரியில் எழுதிவிட்டார். தோட்டத்தில் மாவும் அரிசியும் கொடுத்துச் சம்பளத்திற் கழித்த காலம் முதல், கொழுந்துக்கு ஓடும் பெண்ணுக்கு ரொட்டியே துணை. விரைவில் வேகும், கறி வேண்டாம், ஆறினாலும் மலையில் நின்று தின்னலாம். அந்த ஒரு வரியைச் சமைப்பதற்கு அத்தாய் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழவேண்டியதாயிற்று. மகளுக்கென வேறு சட்டி வாங்கினாள். ரொட்டி சுட்ட கல்லில் அவளுக்கு ஒன்றும் சுடுவதில்லை.

கடையில் இடியப்பம் வாங்கினால் என்ன என்று அவள் கேட்டாள். வெண்மையாக விற்கும் இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மாவே பலவிடத்தும் கலந்திருக்கும். அரிசி மாவை வீட்டிலே வறுத்து வைத்துக்கொள்ளும்படி என் மனையாள் சொல்லி, எங்கள் இடியப்ப உரலையும் கொடுத்தனுப்பினாள். உரல் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. அந்தப் பெண் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள்.