பன்னிரு திங்கள், பன்னிரு இயக்குநர்

தோழர்களே! ஆண்டுக்குப் பன்னிரு திங்கள். திங்களுக்கு ஓர் இயக்குநர். பன்னிரு பேரியக்குநர்களின் படங்களைப் பார்த்தே தீருவது! ஆம்பூரில் அமர்ந்து நாம் எடுத்த உறுதி இது. கேட்டவர் நகைத்தனர். "தோல் வாடை வீசும் ஊரிலே திரைக்கலை ஆராய்ச்சியா?" என்றனர். ஏன் ஆகாது? 1952-இல் 'பராசக்தி' கண்டு சிந்தித்த மக்களெல்லாம் கல்லூரியிலே திரைக்கலை பயின்றவர்களா?

நமக்கு முன்னோடியும் உண்டு. 1950-இல் விளம்பர நிறுவனப் பணிக்காக இலண்டன் சென்ற சத்யஜித் ரே, சில திங்களுக்குள் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார். அவற்றுள் ஒன்று இத்தாலியரான டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்'. களவுபோன மிதிவண்டி, அதைத் தேடி அலையும் ஏழைத் தந்தையும் மகனும், அவ்வளவே கதை. மாளிகை இல்லை, மந்திர மாயம் இல்லை. அதைக் கண்ட உள்ளம்தான் 1955-இல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தந்தது.

நாமும் தொடங்கினோம். சாப்ளின், ஐசன்ஸ்டைன், குரோசவா எனக் குறிப்பேடு வளர்ந்தது. உண்மையை ஒளிப்பானேன்? படத்தைவிடப் பட்டியல் இனித்தது. நால்வர் நடுவே பெயர்களை உதிர்த்து மதிப்புத் தேடும் ஆசை மிகுந்தது.

ரேயின் திங்கள் வந்தது. பிரேம்சந்தின் கதையை அவர் 1981-இல் படமாக்கிய 'சத்கதி'யைக் கணினியில் ஓடவிட்டோம். தோல் பதனிடும் ஆலையில் உழைத்து ஓய்ந்தவரும், நம் குடும்பத்தை நெடுநாள் அறிந்தவருமான பெரியவர் ஒருவரை அருகே அமர்த்தினோம். இந்தி உரையாடலை நாமே தமிழில் சொல்லி வந்தோம்.

மகளின் மண உறுதிக்கு நாள் குறிக்க வேண்டிப் புரோகிதர் வீடு செல்கிறான் துக்கி. தோல் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட சாதியிலே பிறந்தவன். பசித்த வயிற்றோடு விறகு பிளக்கப் பணிக்கப்பட்டு, அங்கேயே மாண்டு வீழ்கிறான். பிணத்தையும் தொடலாகாதாம்! காலில் கயிறிட்டு இழுத்துச் செல்கிறார் புரோகிதர். அவன் கிடந்த இடத்திலே நீர் தெளித்துத் தூய்மை செய்கிறார்!

படம் முடிந்தது. பெரியவர் தண்ணீர் கேட்டார், தந்தோம். குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க பாட்டி காலத்துல எனக்குன்னு தனிக் குவளை இருந்துச்சு தம்பி. திண்ணை ஓரமா கவுத்து வச்சிருப்பாங்க" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுதான் நம்மைச் சுட்டது. வடபுலத்துப் புரோகிதர் மீது பாய்ந்த நம் சினம், நம் வீட்டுத் திண்ணையை மறந்தல்லவோ இருந்தது!

பன்னிரண்டையும் முடிப்போம், ஐயமில்லை. ஆனால் குறிப்பேட்டில் இனி இரண்டு கட்டங்கள். யார் எடுத்த படம் என்பது ஒன்று. அது நம் வீட்டில் எதைக் காட்டிற்று என்பது மற்றொன்று. முதற்கட்டத்தை நிரப்ப ஓய்வு போதும். இரண்டாவதை நிரப்ப நெஞ்சுரம் வேண்டும். தோழர்களே, நீங்களும் தொடங்குங்கள், தனியே பார்க்காதீர்கள்!