பழைய சைக்கிளும் நடுநிலையான செலவும்



வீண்விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடையே நடுநிலையாகச் செலவிடுவது அருளாளனின் அடியார்களுக்குரிய பண்பு என்று திருக்குர்ஆன் (25:67) எடுத்துரைக்கிறது. அந்த நடுநிலை அன்றாட வாழ்வில் எங்கே இருக்கிறது என்பதை, எங்கள் வீட்டுப் பழைய சைக்கிள் ஒன்று எங்களுக்குத் தெளிவாக்கியது.

26 அங்குலச் சக்கரங்களும் 21 கியர்களும் கொண்ட மலைச் சைக்கிள் அது. நண்பர்களிடம் புதிய சைக்கிள்கள் இருக்க, இதில் பள்ளிக்குச் செல்ல மகன் கூச்சப்பட்டான். எங்களால் ஒதுக்க முடிந்ததோ 3,000 ரூபாய். பற்றவைத்த இடங்களில் ஃபிரேமில் விரிசல் ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே, இதைச் சீரமைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

மதுராந்தகத்தில் சைக்கிள் ஓட்டுபவர், பேருந்துகளும் லாரிகளும் விரையும் ஜி.எஸ்.டி. சாலையைத் தவிர்க்க முடியாது. எனவே முதல் செலவு பிரேக்குக்கு. தேய்ந்த பிரேக் கட்டைகளையும் துருவேறிய வயர்களையும் மாற்றி, ரிம்மின் கோட்டத்தையும் எடுத்தோம். அடுத்தது டயர். பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்த கரடுமுரடான டயர்களுக்குப் பதிலாக, தார்ச்சாலையில் எளிதாக உருளும் 1.5 அங்குல வழவழப்பான டயர்களைப் போட்டோம்.

மூன்றாவது செயின். புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அதைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பெரும்பாலும் ஃப்ரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும். அளவு நாடாவை மகனிடமே கொடுத்தோம். முதல் அளவைத் தாண்டியிருந்த செயின், இரண்டாவதை எட்டவில்லை. ஆகவே செயின் மட்டும் மாறியது. ஃப்ரீவீலின் விலை மிஞ்சியது.

முன்பக்க ஷாக் ஃபோர்க்கையும் மாற்றலாமே என்றான். நல்ல ஃபோர்க்கின் விலை அந்தச் சைக்கிளின் மதிப்பையே மிஞ்சும். இன்று வருபவை பெரும்பாலும் பெரிய சக்கரங்களுக்கானவை. பழைய ஃபிரேமில் பொருந்துவதும் அரிது. கியரைக் கூட்டுவதும் அப்படித்தான்: ஷிஃப்டர், செயின், பின்பற்சக்கரம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், ஒன்றைத் தொட்டால் மற்றவையும் மாறும். தேவை முடிந்து ஆசை தொடங்கும் எல்லை இதுதான் என்று விளக்கினோம்.

அதே சமயம், சிக்கனம் என்ற பெயரில் தேய்ந்த பிரேக்கோடு பிள்ளையைச் சாலைக்கு அனுப்புவதும் நடுநிலை ஆகாது. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி அஹ்மதில் பதிவாகியுள்ளது. அகிலத்துக்கே அருட்கொடையாக வந்தவர்கள் பழையதைப் பழுதுபார்ப்பதை இழிவாகக் கருதவில்லை. கையில் கிரீஸ் படிய, கழற்றிய செயினைக் கழுவிப் பார்த்த மகனுக்கு இதை எடுத்துச் சொல்ல நீண்ட உபதேசம் தேவைப்படவில்லை.

வல்ல அல்லாஹ் நம் செலவுகளில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளின் பயணங்களில் பாதுகாப்பையும் அருள்வானாக. ஆமீன்.