குவியத்தில் இருப்பது புள்ளியா?



குவிவு வில்லையின் கதிர்ப்படத்தில் சமாந்தரக் கதிர்கள் யாவும் குவியத்தில் ஒரே புள்ளியிற் சந்திப்பதாக வரைகிறீர்கள். பரீட்சைக்கு அது சரியே. கலைப்பட்டதாரியான நான், அதற்கப்பாலும் ஒரு கதை உண்டென அறிந்தபோது வியந்தேன்.

ஒளி அலையாகப் பரவுவதால், குறையற்ற வில்லையும் அதனைப் புள்ளியாக்காது. ஒரு சிறு ஒளிவட்டும் அதனைச் சூழ்ந்த மங்கலான வளையங்களுமே தோன்றும். 1835 இல் ஆங்கிலேய வானியலாளர் எயரி இதனைக் கணித்துக் காட்டினார். ஒளியில் ஏறத்தாழ 84 சதவீதமே நடுவட்டிற் சேரும்.

அவ்வட்டைச் சுருக்க இயலாதா? 1952 இல் இத்தாலியப் பௌதிகவியலாளர் தொரால்தோ டி பிரான்சியா வழி கூறினார். வளையங்களாகப் பிரிக்கப்பட்ட வடிகட்டியை வில்லையுடன் வைத்தால் நடுவட்டு சிறுக்கும். ஆனால் அதன் பிரகாசம் குறையும். ஒளி வெளிவளையங்களுக்குச் சென்றுவிடும். எனவே வடிகட்டியை வடிவமைப்பவர், எவ்வளவு கூர்மைக்கு எவ்வளவு ஒளியை இழக்கலாம் என முதலிலேயே தீர்மானிக்கிறார்.

பரீட்சை நெருங்குகையில் “வரக்கூடிய” வினாக்களை மட்டும் படிக்க எண்ணுகிறீர்களா? கூர்மை கிடைக்கும். ஆயினும் எந்த அலகுகள் மங்கப்போகின்றன என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பின்னர் முடிவு செய்யுங்கள்.